நாலு மணி அந்தி

அந்த உயிரியல் துறையில் அவளை ஈக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், பூக்காரம்மா, பால்காரம்மா என்பதுபோல. பூக்காரம்மாவிடம் பூ வாங்க ஆள் வரும். இவளுடைய சரக்கைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. முப்பதைக் கடந்தவள், பூனைபோல நடப்பாள். அதை அடக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுடைய ஆய்வகத்தில் ஈக்கள் எப்போது தூங்குகின்றன, எப்போது விழிக்கின்றன என்று பார்ப்பதே வேலை. தடதடவென்று நடந்தால் ஒரு வாரப் பதிவு பாழ்.

வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈதான். அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்காவின் அடுப்படிக்குள் அவளுக்கு அனுமதி கிடையாது. பால் பொங்குவதற்குள் இறக்கத் தெரியாதவள் என்று பெயர். அதே கை ஆய்வகத்தில் ஒரு அண்டா சோளமாவுக் கூழைக் கட்டி தட்டாமல் காய்ச்சி, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, பஞ்சால் அடைத்து, பல்லாயிரம் பேருக்குப் பந்தி வைத்தது. இதுவரை பந்தியில் ஒருவரும் குறை சொன்னதில்லை என்று அக்காவிடம் சொல்லிக்காட்டுவாள்.

இந்த ஈக்களுக்குக் காலையில் ஒரு சுறுசுறுப்பு, அந்தியில் ஒரு சுறுசுறுப்பு, நடுவில் நல்ல உறக்கம். ஆய்வகத்தின் தலைவியான மேடம் அந்தி ஆட்டத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தியோ ஆறு மணிக்கு வரும். மேடமோ ஐந்துக்கு வீட்டுக்குக் கிளம்புகிறவர். இரண்டில் ஒன்று வழிக்கு வர வேண்டும் என்றபோது அந்திதான் வழிக்கு வந்தது. ஈக்களை வைத்திருந்த ஜன்னலில்லாத அறையில் விளக்குகள் காலை நான்குக்கே தாமாக எரிந்து மாலை நான்குக்கு அணைந்தன. உள்ளே மாட்டியிருந்த கடிகாரமும் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடியது. வெளியே நான்கு என்றால் உள்ளே ஆறு. இதற்கு ஈ நேரம் என்று பெயர். மற்றது மனுஷ நேரம். சுவர்க் காலண்டரில் எழுதும் குறிப்புகூட ஈ நேரத்தில்தான். நாள் முழுக்க அதில் புழங்குகிறவர்களுக்கு இரண்டைக் கூட்டுவதும் கழிப்பதும் இமை கொட்டுவதுபோல ஆகிவிடும். இமை கொட்டியதா இல்லையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. வினையே அங்கேதான்.

"எத்தனை மணிக்குடி வருவே?" என்று அக்கா போனில் கேட்பாள்.

"எட்டுக்கு" என்பாள் ஈக்காரம்மா. ஆறு மணிக்கு வாசலில் நிற்பாள்.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். "உன் தங்கச்சிய எங்க டிப்போல டைம் கீப்பரா போட்டா, ஜனங்க ஏறதுக்கு முன்னாடியே இறங்கிடுவாங்க" என்பார்.

"சும்மா இருங்க மாமா. ஈக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல."

"ஈக்கு டிக்கெட் கிடையாதும்மா. அது எப்ப வேணா ஏறும்."

இப்படியே காலம் ஓடியிருக்கும், மேடம் ஓய்வு பெறாமல் இருந்திருந்தால். கல்வியாண்டு முடிவதோடு மேடமும் போகிறார், ஆய்வகத்தையும் மூடுகிறார்கள் என்று ஆணை வந்தது. மேசை நாற்காலிகளை யார் யார் எடுத்துக்கொள்வது என்று பக்கத்து அறைக்காரர்கள் அன்றைக்கே வந்து அளவெடுத்தார்கள். ஈக்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஈக்களை விதை மாதிரி எடுத்துவைக்க முடியாது. உறைய வைத்தால் செத்துவிடும். உயிரோடு குழாய் மாற்றி மாற்றி வளர்த்தால்தான் வம்சம். வளர்க்க ஆளில்லாதவற்றை ஆல்கஹால் ஜாடியில் கொட்டிவிடுவது வழக்கம்.

அவற்றில் ஒரு வம்சம் அவளே கண்டுபிடித்தது. குடையை மறந்துவிட்டு ஒருநாள் ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது கண்ணில் பட்டது. மற்ற ஈக்களெல்லாம் மேடத்தின் நாலு மணி அந்திக்கு ஆடி ஓய்ந்திருக்க, ஒரே ஒரு குழாயில் அப்போதுதான் கச்சேரி களைகட்டியிருந்தது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. மேடம் போட்ட அந்தியை ஏற்றுக்கொள்ளாமல் ஊர் அந்திக்குக் காத்திருப்பதுபோல, சரியாக இரண்டு மணி நேரத் தாமதம். சோம்பேறிகள் என்று பெயர் வைத்தாள். ஏன் இப்படி என்பது இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆராய்ச்சி மாணவியாக வேண்டும். ஈயை ஒதுக்கும் பிரஷ்ஷும் கூழ் அண்டாவும் பிடிக்கிறவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. ஆக, இந்த ஆண்டுக்குள் ஏதாவதொரு பல்கலைக்கழகம் அவளையும் சோம்பேறிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அவளுக்கு வீடு, சோம்பேறிகளுக்கு ஜாடி.

பல இடங்களுக்கு எழுதினாள். இரண்டு இடத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். முதலாவது, பேருந்தில் போய்வரும் தூரத்திலிருந்த பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகம். காலையில் பேராசிரியர்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை தேர்வுக் குழு. போனில் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு ஈ அறைக்குள் போய்க் காலண்டரில் எழுதினாள். கை தன்பாட்டுக்கு இரண்டைக் கூட்டிக்கொண்டது: 'குழு, 2 – 3'.

இரண்டாவது தொலைதூரத்தது, போன் திரையிலேயே பேசிக்கொள்ளலாம். அதே தேதியில் பன்னிரண்டு அல்லது இரண்டரை, எது வசதி என்று கேட்டுக் கடிதம் வந்தது. அவள் காலண்டரைப் பார்த்தாள். இரண்டரைக்குக் குழுவில் இருப்பேனே. பன்னிரண்டு காலியாக இருக்கிறது. பன்னிரண்டே வசதி என்று பதில் போட்டுவிட்டு, கடிதத்தைப் பார்த்தபடியே அதையும் எழுதினாள்: 'போன் இன்டர்வியூ, 12'. பார்த்துக்கொண்டே எழுதியதால் இந்த முறை கை எதையும் கூட்டவில்லை. ஒரே கட்டத்தில் இரண்டும் இடைவெளிவிட்டு அழகாக உட்கார்ந்திருந்தன. நடுவில் பிஸ்கட் தின்னக்கூட நேரமிருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

எழுதும்போது ஈ, படிக்கும்போது மனுஷி. உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் இருப்பவராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். ஒரு நாற்காலிக்கு ஊரையே வரிசைப்படுத்துவது அவள் பிழைப்பு. "எல்லாம் சரியா குறிச்சியா? நான் ஒருதடவை பாக்கட்டுமா?" என்று அவள் கேட்கத்தான் கேட்டாள்.

"நீ பல்லைப் பாரு" என்றுவிட்டாள் தங்கை.

அந்த நாளும் வந்தது. பக்கத்து நகரத்துத் துறையில் முதலில் பூஞ்சைக்காரரிடம் அனுப்பினார்கள். காளான், பூஞ்சணம், அழுகல் எல்லாம் அவர் இலாகா. அவள் நாற்காலியில் உட்கார்வதற்குள் அவர் ஒரு அழுகலைப் பற்றி ஆரம்பித்தார். நேரம் முடிந்து கதவு தட்டப்பட்டபோதும் அந்த அழுகலிலேயே இருந்தார். அவள் தலையாட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கைகுலுக்கி, "உங்ககிட்ட பேசினதுல ரொம்ப திருப்தி. தெளிவா பேசறீங்க" என்றார்.

அடுத்து செடிக்காரம்மா. அவர் அறையில் எல்லா நாற்காலியிலும் தொட்டிகள். ஒரு தொட்டியை மடியில் வாங்கிக்கொண்டால்தான் உட்காரலாம். இலைகளுக்கு நடுவே முகத்தை நீட்டி, "உங்களோட பலவீனம் என்னன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

ஈக்காரம்மா யோசித்தாள். "நேரத்துல நான் ரொம்ப கறார் மேடம்" என்றாள். பலவீனம் கேட்டால் பலத்தைக் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்ல வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள்.

வெளியே வந்ததும் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. அலுவலக உதவியாளர், "அடுத்து குழும்மா, பன்னெண்டுக்கு. அந்த ரூம்" என்று கைகாட்டிவிட்டுப் போனார். கையிலிருந்த போன் உறுமியது: 'தங்கள் நேர்முகம் பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது.'

பன்னிரண்டு. பன்னிரண்டு. காலண்டரின் கட்டம் கண்முன் வந்து நின்றது. கை செய்த வேலை புரிந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பதிவு பாழான குழாயைப் பார்ப்பதுபோல ஒருகணம் தன்னையே பார்த்தாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள்.

"ரெண்டும் ஒரே நேரமா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். பின்னால் பல் துளைக்கும் சத்தம். "ஒண்ணைத் தள்ளிப் போடச் சொல்லேன்."

"நேரத்துல கறார்னு இப்பதான் சொல்லிட்டு வந்தேங்கா."

"யார் உன்னை அதெல்லாம் சொல்லச் சொன்னா? சரி, கேளு. இங்க ஒரே நேரத்துக்கு ரெண்டு பேர் வந்துட்டா நாங்க என்ன செய்வோம்னு தெரியுமா? ஒருத்தருக்கு மரத்துப்போற ஊசியைப் போட்டு உக்கார வெச்சிடுவோம். மரத்துப்போக நேரமாகும்ல? அதுக்குள்ள அடுத்தவரை முடிச்சிடுவோம். ரெண்டு பேருமே தன்னைத்தான் பாத்துட்டிருக்காங்கன்னு நினைச்சுப்பாங்க."

"புரொபசருக்கு எப்படிக்கா ஊசி போடறது?"

"அது உனக்குத்தான் தெரியணும். வெக்கறேன், வாயைத் திறந்துட்டு ஒருத்தர் காத்திட்டிருக்கார்."

பூஞ்சைக்காரர் நினைவுக்கு வந்தார். ஊசி என்னவென்று ஈக்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

தாழ்வாரத்து மூலையில் நின்று போனைத் திறந்தாள். தொலைதூரத்துப் பேராசிரியர் நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தார். ஈக்களின் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்பவர். பெரிய கண்ணாடி போட்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவள், "சார், தப்பா நினைக்கலைன்னா, முதல்ல உங்க ஆராய்ச்சியைப் பத்திக் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்றாள்.

கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. இதை முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும்" என்று ஆரம்பித்தார்.

ஊசி ஏறிவிட்டது. தன் பக்கத்துப் படத்தையும் குரலையும் அணைத்தாள். சத்தத்தைக் குறைக்கும் பொத்தானையும் அழுத்தினாள். பதற்றத்தில் அழுத்தியது கூட்டும் பொத்தான். போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு குழுவின் அறைக்குள் போனாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பூஞ்சைக்காரரும் செடிக்காரம்மாவும் தெரிந்த முகங்கள். நடுவில் நரைத்த தாடியோடு ஒருவர்: இங்கே ஈக்கடிகாரம் பார்ப்பவர். அவள் சேர வேண்டியதே அவருடைய ஆய்வகத்தில்தான்.

"உங்க ஈக்களைப் பத்திப் படிச்சேன்" என்றார் தாடிக்காரர். "ரெண்டு மணி நேரம் லேட்டா எழுந்திருக்குதுங்கறீங்க. ஏன்னு நினைக்கறீங்க?"

அவள் வாய் திறந்தாள். பதிலைப் பைதான் சொன்னது.

"இதுல மூணாவது விஷயம்தான் ரொம்ப முக்கியம்" என்றது கணீரென்று.

அறையில் எல்லோரும் பையைப் பார்த்தார்கள். பை தொடர்ந்து பேசியது. தாடிக்காரரின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்றார். "வெளிய எடுங்க அதை."

எடுத்தாள். அணைக்கப்போன அவள் கையிலிருந்து அவரே வாங்கி, மேசைமேலிருந்த தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து, அவள் அணைத்திருந்ததையெல்லாம் திறந்துவிட்டார். திரைக்குள் கண்ணாடிக்காரர் பாதி வாக்கியத்தில் நின்றார். தான் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்குத் திடீரென்று தாடி முளைத்துவிட்டதை ஜீரணிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீயா?" என்றார்.

"நானேதான். இன்னும் மூணாவது விஷயத்துலயே நிக்கறியா?"

"நிக்கறதுக்கு ஒரு விஷயமாவது இருக்கு எனக்கு. விடியக்காலைல எழுந்திருக்கத் தெரியாதவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?"

பூஞ்சைக்காரர் பெருமூச்சுவிட்டு பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆரம்பிச்சாச்சு" என்றார் செடிக்காரம்மாவிடம்.

கதை இதுதான். இருவரும் இளவயதில் ஒரே ஆய்வகத்தில் படித்தவர்கள். ஒரே அறையில் தங்கியவர்கள். அந்தக் காலத்தில் விளக்குகள் தாமாக எரியாது. முறைவைத்து ஒருவர் போய்ப் போட்டால்தான் ஈக்களுக்கு விடியும். கடைசி வாரத்தில் ஒருநாள் விடியல் இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டது. ஒரு வருடத்து உழைப்பு குட்டிச்சுவர். அன்றைக்குத் தாடிக்காரரின் முறை. அதோடு பேச்சு முறிந்து, ஆளுக்கொரு ஊருக்குப் போய், ஒருவர் எழுதுவதை இன்னொருவர் மறுத்து எழுதியே இருவரும் பெரிய ஆளாகியிருந்தார்கள்.

"ஆறு மணின்னு பலகைல எழுதியிருந்தே. நான் ஆறுக்கு வந்து பூட்டைத் திறந்தேன்" என்றார் தாடிக்காரர்.

"நீ வந்தது எட்டுக்கு. கடிகாரத்தை நானே பாத்தேன்."

"என் கைக்கடிகாரத்துல ஆறு."

"அப்ப அது ஓடாத கடிகாரம்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. இன்டர்வியூவுக்கு வந்தவள் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது இருவருக்கும் மறந்துபோனது. வீடும் ஜாடியும்தான் இனி என்று ஈக்காரம்மா முடிவுகட்டிக்கொண்டிருந்தபோது செடிக்காரம்மா குறுக்கே புகுந்தார்.

"ஒரு நிமிஷம். நேரத்துல ரொம்ப கறார்னு சொன்னீங்களே. ரெண்டு இன்டர்வியூவை ஒரே நேரத்துக்கு எப்படிம்மா வெச்சீங்க?"

மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை. நாலு மணி அந்தி, இரண்டு மணி முன்னால் ஓடும் கடிகாரம், காலண்டரின் கட்டம் எல்லாவற்றையும் சொன்னாள். "எழுதினது ஈ நேரத்துல மேடம். படிச்சப்ப மனுஷ நேரமா படிச்சிட்டேன்."

பூஞ்சைக்காரர் கடித்த பிஸ்கட்டை மெல்லவில்லை.

"உங்க பழைய லேப்லயும் ஈ நேரம் ரெண்டு மணி முன்னாடியா?" என்று செடிக்காரம்மா மெதுவாகக் கேட்டார்.

திரைக்குள் கண்ணாடிக்காரர் தலையாட்டினார், தாடிக்காரர் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பலகைல ஆறுன்னு எழுதினது ஈ நேரம். இவர் வந்தது மனுஷ ஆறு. அப்ப லேப் கடிகாரத்துல எட்டு. ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்லிட்டிருந்திருக்கீங்க."

இப்படியொரு இடத்தில் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்க்கிறவர்கள் பேராசிரியர்களோடு பழகியிருக்க மாட்டார்கள். எதிரி குற்றவாளி இல்லை என்று தெரிந்ததில் இருவருக்கும் துளியும் சந்தோஷமில்லை. இத்தனை வருடம் பாலூட்டி வளர்த்த பகையை யாரோ முகவரி தெரியாத பெண் வந்து பிடுங்கிக்கொண்டு போனதுபோல இருந்தது முகம். "நான் யோசிச்சுப் பாக்கணும்" என்று கண்ணாடிக்காரர் திரையை அணைத்துக்கொண்டார். அவளிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை. தாடிக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி, "நேரம் முடிஞ்சுது. நீங்க போகலாம்" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது அக்காவுக்குச் செய்தி போட்டாள்: 'ரெண்டு பேருக்கும் மரத்துப்போச்சு. எனக்கும்தான்.'

தொலைதூரத்திலிருந்து முதல் பதில் வந்தது. கேள்விகளுக்குத் தாங்கள் அளித்த பதில்கள் போதிய ஆழத்துடன் இல்லை என வருந்தித் தெரிவித்தார்கள். கேட்காத கேள்விக்கு ஆழமாக எப்படிப் பதில் சொல்வது என்று மாமா நெடுநேரம் யோசித்துப் பார்த்தார்.

அடுத்த பதில் வரும்வரை அவள் சோம்பேறிகளுக்குக் கூழ் மாற்றிக்கொண்டே இருந்தாள். மூடப்போகும் ஆய்வகத்தில் மேசைகள் ஒவ்வொன்றாகப் போக, கடைசியில் குழாய்களைத் தரையில் வைத்தாள். ஆல்கஹால் ஜாடியை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை. அது அங்கேயே இருந்தது.

பிறகு போன் வந்தது. பூஞ்சைக்காரர்.

"சீட்டு கிடைச்சிடுச்சும்மா. மூணு பேர்ல ரெண்டு பேர் ஆதரவு."

"யார் சார் ஆதரவு?"

"நானும் செடிக்காரம்மாவும். தாடி வேணாம்னுதான் சொன்னார். இருபது வருஷமா ஒவ்வொரு மீட்டிங்லயும் அந்த விடியற்காலைக் கதையைக் கேட்டுட்டிருந்தோம்மா நாங்க. உன்னால அது ஒரே நாள்ல முடிஞ்சுது. அதுக்கு ஒரு சீட்டு என்ன, கட்டடத்துக்கு உன் பேரே வெக்கலாம்."

"அப்ப நான் எந்த லேப்ல சேரணும்?"

"தாடி லேப்லதான். வேற யார்கிட்ட ஈ இருக்கு? வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு, அந்த சோம்பேறி ஈக்கள் எப்ப வரும்னு அவரேதான் தினமும் கேக்கறார்."

மாமா விடுப்பெடுத்து ஒரு காரை இரவல் வாங்கி ஓட்டினார். வம்சம் மொத்தமும் ஈக்காரம்மாவின் மடியில். "என் வாழ்க்கைல இவ்வளவு கூட்டத்தை டிக்கெட் இல்லாம ஏத்தினதில்ல" என்றார். அக்கா வரவில்லை, பல் டாக்டரின் விளம்பரக் காலண்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். பெரிய கடைவாய்ப்பல் படத்துக்குமேல் சிவப்பு மையில் 'மனுஷ நேரம் மட்டும்' என்று அவளே எழுதியிருந்தாள். புது ஈ அறையில் அதை மாட்டிய பிறகுதான் ஈக்காரம்மா கடிகாரத்தைக் கவனித்தாள். இங்கே ஈ நேரம் இரண்டு மணி பின்னால் ஓடியது. இந்த ஊர் மாணவர்கள் காலையில் எழுந்திருப்பதில்லையாம், விடியலைத் தள்ளிவைத்திருந்தார்கள். சோம்பேறிகளின் ஆட்டத்தைப் பார்க்க இனி ராத்திரி பத்து வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாதம் காலண்டரில் தாடிக்காரரின் கையெழுத்து தெரிந்தது: 'பழைய நண்பன் வருகை, 3'. சிவப்பு மை எச்சரிக்கைக்கு நேர் கீழே. மூன்று என்றால் எந்த மூன்று என்று அவள் கேட்கப் போனாள். அவர் ஊரில் இல்லை. அன்றைய தினம் வந்துவிடுவார் என்றார்கள்.

அன்றைக்குப் பகல் ஒரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கண்ணாடிக்காரர், கையில் ஒரு பெட்டியோடு. அவருடைய ஆய்வகம் பழைய வழக்கத்தை விடவில்லை. இரண்டு மணி முன்னால் ஓடும் அங்கத்திய கடிகாரத்தில் அப்போது மூன்று. இரண்டு மணி பின்னால் ஓடும் தாடிக்காரரின் மூன்றுக்கோ இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

"சரியான நேரத்துக்கு வந்திருக்கேன். அவன் இன்னும் எழுந்திருக்கலையா?" என்றார். முகத்தில் பழைய ஒளி திரும்பத் தொடங்கியிருந்தது.

இதை இப்படியே விட்டால் ஐந்து மணிக்குள் பகை தளிர்த்துவிடும் என்பது ஈக்காரம்மாவுக்கு விளங்கியது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, அன்றைக்கு விட்டுப்போனதை ஈடுசெய்யும் குரலில், "சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"சொல்றேன் சார்" என்றாள் ஈக்காரம்மா. "அதுக்கு முன்னாடி அந்த மூணாவது விஷயம் பாதியிலயே நின்னுபோச்சே, அதைக் கொஞ்சம் முடிச்சிடுங்களேன்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அதை முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும்" என்றார்.